பாதிப் பாட்டு அடுத்தவருடையது: 'ஓல்ட் அண்ட் இன் தி வே' ஆல்பத்தை எப்படிக் கேட்பது

கேள்வி இது: "புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டார் இசையை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். 1975 இல் வந்த 'ஓல்ட் அண்ட் இன் தி வே' ஆல்பத்தைக் கேட்டுப் பார் என்று பலரும் சொல்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் பத்துப் பாட்டில் பாதிதான் அவர்களுடையது. மீதி பழைய பாட்டு, அடுத்தவர் பாட்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றுகூட இருக்கிறது. பாதி ஆல்பம் கவர் என்றால் இதில் அப்படி என்ன விசேஷம்? இதை எப்படிக் கேட்பது?"

சுருக்கமான பதில்: அந்தக் கலவைதான் விசேஷம். ஆல்பத்தின் பெயரையே கொண்ட அந்தக் குழுவின் ஐந்து பேரும் தங்கள் புதுப் பாட்டுகளைக் கொண்டுபோய்ப் பழைய பாட்டுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இது அதற்கு ஈடுகொடுக்கிறதா என்று கேட்பவர் முன்னாலேயே பரீட்சை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பரீட்சையில் புதுப் பாட்டுகள் தேறிவிட்டன. எவ்வளவு தூரம் என்றால், இன்றைக்கு அமெரிக்காவில் நாலு பேர் பாஞ்சோ, மாண்டலின் என்ற தந்தி வாத்தியங்களை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் கூடினால் 'மிட்நைட் மூன்லைட்', 'பனாமா ரெட்' இரண்டும் காலங்காலமாக இருக்கும் பாட்டுகளைப்போல வாசிக்கப்படுகின்றன. அன்றைக்குச் சொந்தப் பாட்டு, இன்றைக்கு எல்லோருக்கும் கவர் பாட்டு.

இனி விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் 'கவர்' என்பதைப் பற்றிய தயக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். ராக் இசையில், 1960களுக்குப் பிறகு, தன் பாட்டைத் தானே எழுதுகிறவர்தான் உண்மையான கலைஞர் என்ற எண்ணம் வந்துவிட்டது. புளூகிராஸில் அந்தக் கணக்கு செல்லாது. நம் ஊர்க் கச்சேரியில் தியாகராஜர் கீர்த்தனை பாடுகிறவரைப் பார்த்து "இவருக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லையா" என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? கிட்டத்தட்ட அந்த மனநிலையோடுதான் இதைக் கேட்க வேண்டும். பாட்டு பொதுச்சொத்து மாதிரி. அதில் நீ என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி.

இந்த இசை தொடங்கிய விதமே அப்படித்தான். கென்டக்கி மாநிலத்து பில் மன்ரோ 1939 அக்டோபரில் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்த பாட்டு 'மியூல் ஸ்கின்னர் புளூஸ்'. அது அவருடைய பாட்டு இல்லை, ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930 இல் பதிவு செய்தது. ராட்ஜர்ஸ் அதை ஒற்றைக் கிடாரோடு சாவகாசமாகப் பாடியிருந்தார். மன்ரோ வேகத்தைக் கூட்டினார், சுருதியை ஏற்றினார், குரலைச் சட்டென்று மேலே தாவவிடும் யோடலைக் கத்தி மாதிரித் தீட்டினார். 1940 இல் தன் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவோடு பதிவுக்குப் போனபோதும் அதே பாட்டைத்தான் கையோடு கொண்டுபோனார். ஆக, ஒரு புது இசை வகையின் முதல் அடையாளம் ஒரு கவர் பாட்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மன்ரோ தானே எழுதிய 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி' 1946 இல் பதிவானபோது மெதுவான வால்ட்ஸ், மூன்று எண்ணிக்கைத் தாளம். 1954 இல் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் அதை நாலு எண்ணிக்கைக்கு மாற்றித் துள்ளலாகப் பாடினார். மன்ரோ கோபப்படவில்லை. சில வாரங்களிலேயே தன் பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார். முதல் பாதி பழையபடி வால்ட்ஸ், பிற்பாதி எல்விஸ் பாணி வேகம். கவரைக் கேட்டுவிட்டு மூலத்தை எழுதியவரே தன் பாட்டை மாற்றிக்கொண்டார். புளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படுகிறவரே இப்படி நடந்துகொண்டிருக்கும்போது, எது அசல் எது நகல் என்று நாம் கோடு போட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை.

சரி, ஆல்பத்துக்கு வருவோம்.

குழுவில் ஐந்து பேர். பாஞ்சோ, ஜெரி கார்சியா. மாண்டலின், டேவிட் கிரிஸ்மன். கிடாரும் பெரும்பாலான முதன்மைக் குரலும், பீட்டர் ரோவன். ஃபிடில், அதாவது வயலின், வாஸர் கிளெமென்ட்ஸ். டபுள் பாஸ், ஜான் கான். 1973 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கடற்கரையோரம் உள்ள ஸ்டின்சன் பீச் என்ற சின்ன ஊரில், கார்சியா வீட்டில் உட்கார்ந்து சும்மா வாசித்துப் பார்த்ததில் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்குள் குழு கலைந்தும் போனது. ஆல்பம் கடைக்கு வந்த 1975 இல் அப்படி ஒரு குழுவே இல்லை.

கார்சியா என்றால் எல்லோருக்கும் கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் கிடார்காரர் என்றுதான் தெரியும். ஆனால் அவர் ராக்குக்கு வந்ததே பாஞ்சோவைத் தாண்டித்தான். 1960களின் தொடக்கத்தில் பாலோ ஆல்டோ பக்கம் சின்னச் சின்ன நாட்டார் இசைக் குழுக்களில் வெறிபிடித்ததுபோல பாஞ்சோ பழகினார். 1964 இல் நண்பர் சாண்டி ராத்மனோடு காரில் கிளம்பி, டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, நாட்டின் குறுக்கே பயணம் போனார். புளூகிராஸ் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது ஒரு காரணம். பில் மன்ரோ குழுவில் பாஞ்சோ வாசிக்க இடம் கிடைக்குமா என்ற ஆசை இன்னொரு காரணம். இண்டியானாவின் பீன் பிளாசமில் மன்ரோவுக்குப் பக்கத்தில் போய் நின்றும் வாய்விட்டுக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. கூடப் போன ராத்மனுக்குத்தான் அந்தக் கோடையில் மன்ரோ குழுவில் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதே பயணத்தில் பென்சில்வேனியாவில் சன்செட் பார்க் என்ற இடத்தில் கார்சியாவும் கிரிஸ்மனும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து இந்தக் குழு.

கார்சியாவுக்குக் கிடைக்காத அந்த இடம் ரோவனுக்குக் கிடைத்திருந்தது. 1960களின் நடுவில் அவர் மன்ரோவின் கிடார்காரர், முதன்மைப் பாடகர். மன்ரோவோடு சேர்ந்து 'வால்ஸ் ஆஃப் டைம்' பாட்டையும் எழுதினார். அப்புறம் கிரிஸ்மனோடு சேர்ந்து 'எர்த் ஓபரா' என்ற ராக் குழு நடத்தினார். பழைய வீட்டில் வளர்ந்து வெளியூர் போய்த் திரும்பியவரின் தெளிவு அவர் எழுதிய பாட்டுகளில் தெரியும்.

இந்த ஆல்பத்துக்குப் பழமையின் கனத்தைக் கொடுப்பவர் வாஸர் கிளெமென்ட்ஸ். மற்றவர்கள் முப்பதைச் சுற்றி இருந்த இளைஞர்கள், இவருக்கு நாற்பத்தைந்து. 1928 இல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். 1950 தொடக்கத்தில் மன்ரோ அந்த 'மியூல் ஸ்கின்னர் புளூஸ்' பாட்டை மறுபடி பதிவு செய்தபோது ஃபிடில் வாசித்தவர் இவர்தான். 1971 இல் ஜான் ஹார்ட்ஃபோர்டின் 'ஏரியோ பிளெய்ன்', 1972 இல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்டின் 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' என்று இரண்டு முக்கியமான ஆல்பங்களில் வாசித்த பிறகுதான் புதுத் தலைமுறைக்கு இவர் பெயர் தெரிய வந்தது. இந்தக் குழுவில் முதலில் ரிச்சர்ட் கிரீனும் ஹார்ட்ஃபோர்டும் ஃபிடில் வாசித்துப் பார்த்தார்கள். இவர் வந்த பிறகு தேடல் நின்றுவிட்டது.

இவருடைய வில்லை ஒரு தடவை தனியாகக் கவனித்துக் கேளுங்கள். மற்ற ஃபிடில்காரர்கள் தாளத்தின் தலையில் இறங்கும் இடத்தில் இவர் கொஞ்சம் பிந்தி இறங்குவார். ஒரு சுரத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போய்ப் பிடிப்பார். ஸ்விங், ஜாஸ், புளூஸ் எல்லாம் அந்த வில்லில் கலந்திருக்கும். ஆனாலும் புளூகிராஸ் என்ற நினைப்பு ஒரு நொடிகூடக் கலையாது. ஆல்பத்தில் உள்ள 'கிஸ்ஸிமி கிட்' இவர் எழுதிய வாத்தியப் பாட்டு. கிஸ்ஸிமி இவர் வளர்ந்த ஃபுளோரிடா ஊர். ஆல்பத்திலேயே வார்த்தை இல்லாத பாட்டு இது ஒன்றுதான்.

இனி பதிவான விதம். 1973 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் 'போர்டிங் ஹவுஸ்' என்ற சின்ன அரங்கில் நடந்த நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்தது. ஸ்டூடியோ கிடையாது. பதிவு செய்தவர் அவ்ஸ்லி ஸ்டான்லி, கூட விக்டோரியா பாப்காக். அவ்ஸ்லியை 1960களின் எல்.எஸ்.டி. தயாரிப்பாளராகத்தான் உலகம் நினைவு வைத்திருக்கிறது. ஆனால் ஒலி விஷயத்தில் அவருக்கு அபார காது. 1974 இல் கிரேட்ஃபுல் டெட் மேடையில் ஒலிபெருக்கிகளைச் சுவர்போல அடுக்கி நிறுத்திய 'வால் ஆஃப் சவுண்ட்' அமைப்பின் மூளை அவர். அதே மனிதர் இந்த ஐந்து பேருக்கு எட்டு மைக் மட்டும் வைத்தார், ஸ்டீரியோவின் இடது வலது பக்கத்துக்கு நாலு நாலாக. அதை அங்கேயே கலந்து, நேராக ஸ்டீரியோ நாக்ரா டேப் ரெக்கார்டருக்கு அனுப்பினார். பின்னால் உட்கார்ந்து ஒட்டுப்போடவோ, பாஞ்சோவை மட்டும் தூக்கிக் கொடுக்கவோ வழியே இல்லை. மேடையில் வாசித்தது என்னவோ அதுதான் தட்டில்.

ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் இதன் பலன் உடனே புரியும். வாத்தியங்கள் இடம் இடமாகப் பிரிந்து நிற்கும். மாண்டலின் தாளத்தின் இரண்டாவது, நாலாவது எண்ணிக்கையில் 'சக், சக்' என்று வெட்டுவது தெளிவாகக் கேட்கும். புளூகிராஸில் டிரம் கிடையாது. அந்த வெட்டுதான் டிரம். பாஸ் ஒன்றிலும் மூன்றிலும் இறங்க, மாண்டலின் இடைவெளியில் வெட்ட, இரண்டும் சேர்ந்துதான் வண்டியை ஓட்டுகின்றன. ஃபிடில் தனியாக வாசிக்க முன்னே வரும்போது பாஞ்சோ தன் உருட்டலை அடக்கிக்கொண்டு பின்னால் ஒதுங்குவதையும், முறை மாறும்போது மறுபடி பெருகுவதையும் கேட்கலாம். ஒருவர் பாட, மற்றவர் நிரப்ப, ஒருவர் முடிக்கும் இடத்தில் அடுத்தவர் எடுக்க, இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் ஒரு கவர் பாட்டு அந்தக் குழுவின் பாட்டாக மாறுகிறது.

பாட்டுகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை, எனக்கு முக்கியமாகப் படுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கம் 'பிக் இன் எ பென்'. யார் எழுதியது என்று தெரியாத அளவுக்குப் பழைய பாட்டு. பட்டியில் ஒரு பன்றி இருக்கிறது, போடச் சோளம் இருக்கிறது, நான் இல்லாதபோது அதற்குத் தீனி வைக்க ஒரு பெண்தான் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கார்சியா பாடுகிறார். ராக் நட்சத்திரத்தின் பெயரைப் பார்த்து வாங்கியவர்களுக்கு முதலில் காதில் விழுவது இந்தப் பன்றிப் பாட்டு. நாங்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறோம் என்று சொல்லும் அந்தத் தேர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்ததே ரோவனின் 'மிட்நைட் மூன்லைட்'. பன்றிப் பட்டியிலிருந்து ஒரே தாவலில் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோவுக்குப் போய்விடுகிறோம். தனிமையாக இருந்தால் எங்கேயாவது சில்லறை புரட்டிப் போன் பண்ணு, அந்த ஊரின் பழைய அலமோ கோட்டைப் பக்கம் வந்து சந்திக்கிறேன் என்கிற காதலன். புளூகிராஸ் பாட்டுகளில் வழக்கமாக வரும் அப்பலாச்சிய மலையும் இல்லை, மரக்குடிசையும் இல்லை, அம்மாவின் கல்லறையும் இல்லை. கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஓடுகிறது, மூன்று நிமிடத்தில் முடிக்கும் பழைய புளூகிராஸ் வழக்கத்துக்கு இரண்டு மடங்கு. ஆனால் பல்லவியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விதம் அப்படியே பழைய அடுக்கு. நிலம் புதுசு, வீடு கட்டிய முறை பழசு.

மூன்றாவதாகக் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டு, கிரிஸ்மன் எழுதியது. ஒரு காலத்தில் இவன் பேச்சுக்கு மரியாதை இருந்தது, இப்போது வயதாகிவிட்டது, வழியை மறித்துக்கொண்டு நிற்கிறான் என்கிறார்கள், இப்படிப் போகும். எழுதியவருக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. இளைஞர் ஒருவர் முதுமையைப் பாடினால் போலியாகத் தெரியும் அபாயம் உண்டு. இங்கே அது நடக்காததற்குக் காரணம், இதே ஆல்பத்தில் இருக்கும் 'ஒயிட் டவ்'.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். 'ஒயிட் டவ்' கார்ட்டர் ஸ்டான்லி எழுதியது. 1949 இல் வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையைச் சேர்ந்த ஸ்டான்லி சகோதரர்கள் பதிவு செய்தார்கள். தாய் தந்தை இருவரையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்ட மகனின் புலம்பல். வெள்ளைப் புறாவும் அவனோடு சேர்ந்து துக்கம் காக்கிறது. எழுதியபோது கார்ட்டருக்கும் இருபதுகளின் தொடக்க வயதுதான்! துக்கத்தையும் முதுமையையும் இளம் வயதிலேயே முழு மனதோடு பாடுவது இந்த மரபில் இயல்பு. கிரிஸ்மன் அந்த மரபை உள்வாங்கித்தான் தன் பாட்டை எழுதியிருக்கிறார். 'ஒயிட் டவ்' இல்லாமல் 'ஓல்ட் அண்ட் இன் தி வே' மட்டும் இருந்திருந்தால் ஒரு நல்ல புதுப் பாட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். இரண்டும் ஒரே தட்டில் இருப்பதால் பேரனும் தாத்தாவும் ஒரே திண்ணையில் இருப்பது தெரிகிறது. பாதி ஆல்பம் கவராக இருப்பதன் பயன் இதுதான்.

இரண்டாம் பக்கம் 'பனாமா ரெட்' பாட்டோடு தொடங்குகிறது, இதுவும் ரோவனுடையது. பனாமா ரெட் என்பது அக்காலத்தில் கஞ்சாவில் ஒரு ரகத்தின் பெயர். ரோவன் அதைக் குதிரையேறி ஊருக்குள் வரும் போக்கிரியாக்கிவிட்டார். வெள்ளைக் குதிரைக்கு மெஸ்கலிட்டோ என்று பெயர். கவ்பாய்க் கதைப்பாட்டு மாதிரியே நடக்கும். அதன் பொருள் தெரிந்தவர்களுக்கு வேறொரு சிரிப்பு. நகரத்து ஹிப்பி இளைஞர்களுக்கும் மலைநாட்டு இசைக்கும் பாலம் போட்ட பாட்டு என்று இதை நான் சொல்லுவேன். இதில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பொருந்தும் விஷயம் ஒன்று உண்டு. 1973 இலேயே 'நியூ ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' என்ற குழு இந்தப் பாட்டைப் பதிவு செய்து, தங்கள் ஆல்பத்துக்கே 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் பனாமா ரெட்' என்று பெயர் வைத்துவிட்டது. ஆகவே 1975 இல் இந்தத் தட்டு வந்தபோது, எழுதியவர் பாடிய வடிவம்தான் கடைக்குப் பிந்தி வந்தது.

'வைல்ட் ஹார்ஸஸ்' கதையும் இதேதான். மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய இந்தப் பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் 1969 டிசம்பரில் அலபாமா மாநிலத்து மசல் ஷோல்ஸில் பதிவு செய்தார்கள். ஆனால் அது 1971 இல் வெளிவருவதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் என்ற நாட்டுப்புற ராக் குழு அதைப் பாடி வெளியிட்டுவிட்டது. ஆக, அந்தப் பாட்டை உலகம் முதலில் கேட்டதே கவராகத்தான்.

இந்தக் குழு அதில் என்ன செய்தது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஸ்டோன்ஸ் வடிவத்தில் கிடார்கள் மெதுவாக நடக்க, ஜாகர் களைத்துப்போன குரலில் பாடுவார். இங்கே கிடாரோடு மாண்டலின் சேர்ந்து மெல்லிய திரை விரிக்கிறது. ரோவன் குரலை உயர்த்திப் பாடுகிறார். பல்லவியில் மற்ற குரல்கள் மேலேயும் கீழேயும் வந்து சேர்கின்றன. புளூகிராஸில் 'ஹை லோன்சம்' என்று சொல்வார்களே, உச்சத்தில் தனியாக நிற்கும் அந்தக் குரல், அது இந்தப் பாட்டில் வந்து உட்கார்ந்ததும் லண்டன்காரர்கள் எழுதிய பாட்டு மலைநாட்டுப் பாட்டாகிவிடுகிறது. வரிகளுக்கு நடுவே வாஸரின் ஃபிடில் இரண்டு மூன்று சுரங்கள் மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கும். கூட்டம் மூச்சை அடக்கிக் கேட்பது பதிவிலேயே தெரிகிறது. எனக்கு ஸ்டோன்ஸ் வடிவத்தைவிட இது பிடிக்கும். இதில் எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள் என்பதும் தெரியும்.

'தி ஹோபோ சாங்' சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து ஜாக் போனஸ் எழுதியது. ரயிலேறி ஊர் ஊராகத் திரிந்த நாடோடி ஒருவரின் கடைசிக் காலம். எழுதிய சில வருஷங்களுக்குள்ளேயே இவர்கள் கைக்கு வந்த பாட்டு, ஆனால் 1930களின் பாட்டு போலவே ஒலிக்கும். கடைசிப் பாட்டான 'லேண்ட் ஆஃப் தி நவஹோ' ரோவன் மேற்குப் பாலைவனத்தைப் பாடுவது. மெதுவாகத் தொடங்கி, முடிவில் வார்த்தைகளை விட்டுவிட்டு யோடலும் ஓலமுமாக எங்கோ போய்விடுகிறார். ஜிம்மி ராட்ஜர்ஸிடமிருந்து மன்ரோ வாங்கிய யோடல் ரோவன் வரை வந்து, இப்படி வேறொரு நிலத்துக்குப் போகிறது. முதல் தடவை கேட்கும்போது இது நீளம் என்று தோன்றலாம். இரவில், தனியாக, இன்னொரு தடவை கேளுங்கள்.

இந்த ஆல்பத்தில் இல்லாததையும் கவனிக்க வேண்டும். அந்த அக்டோபர் நிகழ்ச்சிகளின் மீதிப் பாட்டுகள் 1996 இல் 'தட் ஹை லோன்சம் சவுண்ட்', 1997 இல் 'பிரேக்டவுன்' என்று வெளிவந்தன. 2013 இல் நிகழ்ச்சிகள் முழுசாகவே வந்துவிட்டன. அவற்றைக் கேட்டால் மேடையில் இவர்கள் மன்ரோவின் 'அங்கிள் பென்', 'விக்கட் பாத் ஆஃப் சின்' எல்லாம் பாடியிருப்பது தெரியும். 'ஆரஞ்ச் பிளாசம் ஸ்பெஷல்' உண்டு. 1950களின் பாப் பாட்டான 'தி கிரேட் பிரிடெண்டர்' கூட உண்டு. ஆனால் 1975 ஆல்பத்தில் ஒரு மன்ரோ பாட்டுகூட இல்லை. ரோவனும் வாஸரும் மன்ரோவிடம் வேலை பார்த்தவர்கள், கார்சியா அவரிடம் வேலை கேட்கப் போனவர். இருந்தும் தட்டுக்கு என்று வந்தபோது அவரைத் தொடவில்லை. என் கருத்தில் இது சரியான முடிவு. 'அங்கிள் பென்' பாட்டை யார் வாசித்தாலும் கேட்பவர் மனசு மன்ரோவிடம் போய்விடும். மேடையில் அது மரியாதை, ஆல்பத்தில் அது சுமை. எந்தக் கவரை எடுப்பது என்பதைப்போலவே எதை விடுவது என்பதும் ஒரு குழுவின் அறிவுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கார்சியாவின் பாஞ்சோ, பாஞ்சோ மேதைகளான ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மாதிரியோ ஜே.டி. குரோ மாதிரியோ இருக்காது. வேகமான இடங்களில் சுரங்கள் சில சமயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவருக்குச் சிறு வயதில் நடந்த கோடரி விபத்தில் வலது கை நடுவிரலின் பெரும்பகுதி போய்விட்டது, அந்தக் கையோடுதான் வாசித்தார். அதற்காகச் சலுகை காட்டச் சொல்லவில்லை. அவருடைய வாசிப்பில் வேறொரு அழகு இருக்கிறது. பாட்டின் மெட்டை விட்டு விலகாமல், பேசுவது மாதிரி வாசிப்பார். குரல் சேர்க்கையிலும் சில இடங்கள் கரடுமுரடு. ஸ்டான்லி சகோதரர்கள் பாடிய 'ஒயிட் டவ்' கேட்டுவிட்டு வந்தால் இது தெரியும். பழைமைவாதிகள் சிலர் இந்தக் குழுவை ராக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியதற்கு இவையெல்லாம் காரணம்.

துல்லியம் வேண்டும் என்றால் அதே 1975 இல் வந்த 'ஜே.டி. குரோ அண்ட் தி நியூ சவுத்' ஆல்பத்தைக் கேளுங்கள். ரவுண்டர் நிறுவனம் வெளியிட்டது. ஒரு நூலிழைகூடப் பிசகாது. டோனி ரைஸ், ரிக்கி ஸ்காக்ஸ், ஜெரி டக்ளஸ் மூவரும் அதில் இளைஞர்கள். அதிலும் பெரும்பகுதி பிறர் பாட்டுத்தான்: கனடாவின் கார்டன் லைட்ஃபுட், இயன் டைசன், யூட்டா ஃபிலிப்ஸ், ஃபேட்ஸ் டாமினோ. இன்றைக்குப் புளூகிராஸ் வாசிப்பவர்களில் அந்தத் தட்டைப் பாடமாக வைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. ஒரே வருஷத்தில் வந்த இரண்டு ஆல்பங்கள், இரண்டும் கவர்களால் நிறைந்தவை, ஒன்று வாசிப்பவர்களை மாற்றியது, மற்றொன்று கேட்பவர்களைக் கூட்டி வந்தது. 'ஓல்ட் அண்ட் இன் தி வே' பல காலம் மிக அதிகமாக விற்ற புளூகிராஸ் தட்டு என்று சொல்வார்கள், 2000 இல் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' படத்தின் பாட்டுகள் வரும்வரை. கார்சியாவின் பெயருக்காக வாங்கியவர்கள் அந்தத் தட்டின் வழியாக ஸ்டான்லி சகோதரர்களிடமும் மன்ரோவிடமும் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தக் குழுவிலிருந்து கிளைத்ததும் நிறைய. கார்சியா வைத்த 'டாக்' என்ற செல்லப்பெயரைக் கிரிஸ்மன் தன் இசைக்கே சூட்டிக்கொண்டு, 1977 இல் தன் ஐவர் குழுவின் முதல் ஆல்பத்தில் ஜாஸும் புளூகிராஸும் கலந்த 'டாக் மியூசிக்' என்ற தனி வழியைத் திறந்தார். கார்சியாவும் அவரும் 1990களில் மறுபடி சேர்ந்து நிறையப் பதிவு செய்தார்கள். கார்சியா 1995 இலும், கான் அடுத்த வருஷமும், வாஸர் 2005 இலும் காலமானார்கள்.

கேட்கும் முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் தடவை எதையும் ஆராயாமல் முழுசாக ஓடவிடுங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாம் தடவை ஃபிடிலை மட்டும் பின்தொடருங்கள், மூன்றாம் தடவை மாண்டலினின் வெட்டை. அதற்குப் பிறகு மூலங்களுக்குப் போங்கள்: ஸ்டான்லி சகோதரர்களின் 'ஒயிட் டவ்', ஸ்டோன்ஸின் 'வைல்ட் ஹார்ஸஸ்', நியூ ரைடர்ஸின் 'பனாமா ரெட்'. திரும்பி வந்து இதே ஆல்பத்தைக் கேட்கும்போது கவர் என்பதில் இவர்கள் என்ன வேலை செய்திருக்கிறார்கள் என்று நான் சொல்லாமலே தெரியும். அடுத்து 1996 இல் வந்த தொகுப்பு. அதில் வாஸரின் 'லோன்சம் ஃபிடில் புளூஸ்' இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.